காத்தாடி சுத்துது, படம் வரல: முதல் கேமிங் கணினியின் கோளாறை வீட்டிலேயே பிடிப்பது

கேமிங் கணினிக் கோளாறு பற்றி இணையத்தில் எதைத் திறந்தாலும் சீக்கிரமே ஒரு யோசனை வந்து நிற்கும்: சந்தேகப்படும் பாகத்தைக் கழற்றிவிட்டு, நன்றாக ஓடும் இன்னொன்றை மாட்டிப் பாருங்கள். கோலாலம்பூரில் கணினிக் கடைகள் நிறைந்த லோ யாட் பிளாசாவுக்கு நடந்து போகிற தூரத்தில் குடியிருப்பவருக்கு அது சரி. பேராக்கில் சுங்கை சிப்புட் மாதிரிச் சின்ன ஊரில் யார் வீட்டுக் கதவைத் தட்டி, "ஒரு மதர்போர்டு இருந்தா குடுங்க, நாளைக்குத் தந்துடறேன்" என்று கேட்பது? ஈப்போ சுமார் 30 கிலோமீட்டர். அங்கே ஒரே கடையில் வாங்கியிருந்தால் காரில் ஏற்றிக்கொண்டு போய்விடலாம். இணையக் கடைகளான ஷோப்பியில் ஒன்று, லசாடாவில் ஒன்று, முகநூலில் பார்த்த பழைய கிராபிக்ஸ் கார்டு ஒன்று என்று சேர்த்தவர்கள், எதை யாருக்குத் திருப்பி அனுப்புவது என்று முதலில் தெரிந்துகொண்டாக வேண்டும். தப்பான பாகத்தை அனுப்பினால் கூரியர் காசும் போய், நாளும் போய், "சோதித்தோம், நன்றாகத்தான் இருக்கிறது" என்ற சீட்டோடு அதே பெட்டி வாசலுக்கு வரும்.

ஆகவே இதை உதிரிப்பாகம் எதுவும் கைவசம் இல்லாதவருக்கு என்றே எழுதுகிறேன். நட்சத்திர முனை ஸ்குரூடிரைவர் ஒன்று, கைப்பேசி, ஒரு பென்டிரைவ், வீட்டு டிவி. இவ்வளவு போதும். மனதில் வைத்திருப்பது நடுத்தர விலையில் சேர்க்கும் கணினி: சிபியுவுக்கு ஏஎம்டி ரைசன் 5 5600 அல்லது இன்டெல் ஐ5 12400எஃப், 16 ஜிபி ரேம், கிராபிக்ஸ் கார்டுக்கு ஆர்எக்ஸ் 6600 அல்லது ஆர்டிஎக்ஸ் 4060, நல்ல 550 வாட் பவர் சப்ளை. ஏஎம்டியின் புதிய சிபியுக்களை ஏற்கும் ஏஎம்5 போர்டு வாங்கியவர்களுக்கும் பெரும்பாலும் இதே கதைதான். வேறுபடும் இடத்தில் சொல்லிவிடுகிறேன்.

இன்னும் வாங்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. நம் ஊர்ப் பக்கம் கணினி சேர்ப்பவர், கோளாறு வந்தால் தானே கண்டுபிடிக்கும்படியான பாகங்களாகப் பார்த்து வாங்குவது நல்லது. இன்டெல் சிபியுவில் பெயருக்குப் பின்னால் எஃப் இருந்தால் உள்ளே படம் காட்டும் வசதி கிடையாது. எஃப் இல்லாத 12400இல் உண்டு. ஏஎம்டியில் 5600க்கு இல்லை, 5600ஜிக்கு உண்டு. ஏஎம்5இல் ரைசன் 5 7600க்கு உண்டு, 7500எஃபுக்கு இல்லை. அந்த வசதி இருந்தால் கிராபிக்ஸ் கார்டு செத்ததா, வேறு ஏதாவதா என்று ஐந்து நிமிடத்தில் தெரியும். அதுபோல சிபியு, ரேம், கார்டு, பூட் என்று நாலு சின்ன விளக்கு இருக்கும் மதர்போர்டையும், சிபியு இல்லாமலே பயாஸ் (போர்டை எழுப்பும் அடிப்படை நிரல்) ஏற்றும் பொத்தான் உள்ளதையும் தேடி எடுங்கள். ஆர்ஜிபி விளக்குக்குச் செலவழிக்கும் காசை இதற்குச் செலவழிக்கலாம். என் கருத்து அப்படி. கண்ணாடிக் கதவுக்குள் மயில் கலர் வேண்டும் என்பவர்களோடு சண்டைக்கு வரவில்லை.

எந்தச் சோதனைக்கும் முன்னால் சுவர் சுவிட்சை அணைத்து, பவர் கம்பியையும் உருவிவிட்டு, கேஸ் பொத்தானை ஒருமுறை அமுக்குங்கள். மிச்சமிருக்கும் மின்சாரம் வடிந்துவிடும். பவர் சப்ளைப் பெட்டியை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் திறக்க வேண்டாம். கம்பியை உருவிய பிறகும் உள்ளே இருக்கும் கெபாசிட்டர் ஆளைத் தூக்கி அடிக்கும்.

"அண்ணே, ஒன்னுமே ஆகல"

விளக்கு இல்லை, காத்தாடி அசையவில்லை, சத்தமே இல்லை. இப்படி முழுக்கச் செத்தது போல இருப்பதுதான் பெரும்பாலும் சின்ன விஷயமாக முடியும்.

சுவரிலிருந்து தொடங்குங்கள். அதே சொக்கெட்டில் கைப்பேசி சார்ஜரைச் சொருகி, கரண்ட் வருகிறதா என்று பாருங்கள். நீட்டிப்புக் கம்பி வழியாகப் போட்டிருந்தால் அதை விட்டுவிட்டு நேராகச் சுவரில் போடுங்கள். நம் மூன்று முள் பிளக்குக்குள் ஒரு ஃபியூஸ் இருக்கிறது. கணினிக் கம்பி ஓடவில்லை என்றால் மானிட்டர் கம்பியை மாற்றிப் பார்க்கலாம், பெரும்பாலும் இரண்டும் ஒரே மாதிரிதான். பிறகு பவர் சப்ளையின் முதுகில் இருக்கும் சுவிட்ச்: கோடு போட்ட பக்கம் அமுங்கியிருக்க வேண்டும், வட்டம் போட்ட பக்கம் அல்ல.

அந்தச் சுவிட்சுக்குப் பக்கத்தில் 115, 230 என்று எழுதிய சிவப்புத் தள்ளி ஒன்று இருந்தால், கரண்ட் கொடுக்கும் முன்பே அதைப் பாருங்கள். மலிவு விலைப் பவர் சப்ளைகளிலும் பழைய பெட்டிகளிலும் இன்னும் இருக்கிறது. நம் நாட்டு மின்சாரம் 230 வோல்ட். 115இல் நிற்கும் பெட்டிக்குள் அது போனால் ஒரு வெடிச் சத்தத்தோடு கதை முடியும்.

இதெல்லாம் சரி என்றால் அடுத்த சந்தேகம் கேஸ் பொத்தான். பொத்தானிலிருந்து வரும் மெல்லிய இரட்டைக் கம்பி மதர்போர்டின் கீழ் மூலையில் இரண்டு முள்ளில் உட்கார வேண்டும். முதல் முறை சேர்ப்பவர்கள் ஒரு முள் தள்ளிச் சொருகிவிடுவது சகஜம். மதர்போர்டு கையேட்டில் அந்த மூலையின் படம் இருக்கும். கம்பியைக் கழற்றிவிட்டு, கரண்ட் கொடுத்து, படத்தில் பவர் சுவிட்ச் என்று காட்டிய இரண்டு முள்ளை மட்டும் ஸ்குரூடிரைவர் நுனியால் ஒரு வினாடி சேர்த்துத் தொடுங்கள். ஷாக் அடிக்காது, அங்கே இருப்பது மிகக் குறைந்த வோல்ட். கணினி எழுந்தால் குற்றவாளி பொத்தானோ அதன் கம்பியோதான். குத்துமதிப்பாக மட்டும் தொடாதீர்கள், பக்கத்திலேயே யுஎஸ்பி முட்கள் இருக்கின்றன.

அப்போதும் அசையவில்லை என்றால் 24 முள் பெரிய கம்பி. பாதி நுழைந்து நிற்கும்போதே நுழைந்துவிட்டது போலத் தோன்றும். கொக்கி "டக்" என்று மாட்டும்வரை போர்டின் பின்புறம் ஒரு கையால் தாங்கிக்கொண்டு அழுத்துங்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. கம்பிகளைக் கழற்றி மாட்டும் பவர் சப்ளை என்றால், அதன் பெட்டியில் வந்த கம்பியை மட்டும் பயன்படுத்துங்கள். பழைய பவர் சப்ளையின் கம்பி பார்க்க அச்சு அசலாக அப்படியே இருக்கும், அழகாக நுழையும். ஆனால் பவர் சப்ளைப் பக்கத்து முனையில் எந்த முள்ளில் எந்த வோல்ட் என்பதற்குப் பொது விதி இல்லை. ஒரே கம்பெனியின் இரண்டு மாடலுக்குள்ளேயே மாறும். மாற்றிப் போட்டால் விண்டோஸும் கேமும் இருக்கும் எஸ்எஸ்டியும் போர்டும் ஒரே நொடியில் போய்விடும்.

"சுத்துது, நிக்குது, திரும்பச் சுத்துது"

ஒரு வினாடி எழுந்து, அணைந்து, மறுபடி எழுந்து என்று தவித்தால் எங்கேயோ ஷார்ட், அல்லது சிபியுவுக்குக் கரண்ட் போகவில்லை.

போர்டின் மேல் இடது மூலையில், சிபியுவுக்கு அருகே, 8 முள் சொக்கெட் ஒன்று இருக்கும். அதில் போவது நாலும் நாலுமாகப் பிரியும் கம்பி. கிராபிக்ஸ் கார்டுக்குப் போவது ஆறும் இரண்டுமாகப் பிரிவது. இரண்டும் 8 முள்தான், ஆனால் வேறு வேறு. பலம் போட்டு அழுத்தினால்தான் நுழைகிறது என்றால் தப்பான கம்பியைப் பிடித்திருக்கிறீர்கள்.

கம்பி சரி என்றால், மதர்போர்டுக்கு அடியில் இருக்கும் பித்தளைக் காலைப் பாருங்கள். போர்டில் ஓட்டை இல்லாத இடத்தில் ஒரு கால் மிச்சம் நின்றால் அது போர்டின் முதுகைத் தொட்டு ஷார்ட் ஆக்கும். தெரிந்துகொள்ள ஒரே வழி வெளியே எடுப்பதுதான். சோம்பலாக இருக்கும், ஆனாலும் செய்யுங்கள். போர்டை அது வந்த அட்டைப் பெட்டியின் மேல் வையுங்கள். சிபியு, அதன் கூலர், ஒரே ஒரு ரேம், பவர் சப்ளை. சிபியுவில் படம் காட்டும் வசதி இல்லை என்றால் கார்டும். வேறொன்றும் வேண்டாம். ஸ்குரூடிரைவரால் எழுப்புங்கள். வெளியே ஓடுகிறது, கேசுக்குள் ஓடவில்லை என்றால் பாகங்கள் எல்லாம் நல்லவை, கேசில்தான் ஏதோ இடிக்கிறது. உதிரிப்பாகம் இல்லாதவருக்கு இதைவிடப் பெரிய சோதனை கிடையாது.

"காத்தாடி சுத்துது, படம் வரல"

என்னிடம் வரும் அழைப்புகளில் அதிகம் இதுதான். சற்று நிதானமாகவே பார்ப்போம். தோட்டத்தை ஒட்டிய தாமானிலிருந்து ஒரு பையன் கூப்பிட்டபோது பேச்சு இப்படிப் போனது:

"அண்ணே, எல்லாம் யூடியூப்ல பாத்த மாதிரியேதான் போட்டேன். படமே வரல."

"டிவி கம்பிய எங்க சொருகியிருக்க தம்பி?"

"பின்னாலதாண்ணே."

"பின்னாலன்னா மேலயா, கீழயா?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "மேல."

கேசின் முதுகில் எச்டிஎம்ஐ ஓட்டை இரண்டு இடத்தில் இருக்கும். மேலே யுஎஸ்பி ஓட்டைகளோடு சேர்ந்து இருப்பது மதர்போர்டுடையது. கீழே தனிப் பட்டையில் படுத்திருப்பது கிராபிக்ஸ் கார்டுடையது. 5600, 12400எஃப் போன்ற சிபியுவோடு மேல் ஓட்டை வெறும் அலங்காரம். கம்பி கீழே போக வேண்டும். டிவியில் எந்த எச்டிஎம்ஐ என்பதையும் ரிமோட்டில் மாற்றிப் பாருங்கள்.

கம்பி சரியான இடத்தில்தான் இருக்கிறது என்றால் போர்டின் சின்ன விளக்குகளைப் பாருங்கள். எது அணையாமல் நிற்கிறதோ அங்கேதான் சிக்கல்.

ரேம் விளக்கு நின்றால், ஏஎம்5 போர்டு வைத்திருப்பவர்கள் முதலில் கையைக் கட்டிக்கொண்டு உட்காருங்கள். டிடிஆர்5 ரேமை முதன்முறை எழுப்பும்போது போர்டு அதைப் பழக்கிக்கொள்ள நேரம் எடுக்கும். சில நிமிடங்கள் திரை கறுப்பாகவே இருக்கும். பத்து நிமிடம் தொடாமல் விடுங்கள். பதறிப்போய் அணைத்து அணைத்துப் போட்டால் அது ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து தொடங்கும். டிடிஆர்4இல் இவ்வளவு காத்திருப்பு இல்லை.

பிறகும் நின்றால் ரேமைக் கழற்றுங்கள். நாலு இடம் உள்ள போர்டில் இரண்டு ரேம் என்றால், சிபியுவிலிருந்து எண்ணி இரண்டாவதும் நான்காவதும்தான் வழக்கமான இடம். கையேட்டில் ஏ2, பி2 என்றிருக்கும். உட்காரும்போது இரண்டு முனையிலும் சத்தம் கேட்க வேண்டும். சில போர்டில் ஒரு பக்கம் மட்டுமே கொக்கி இருக்கும், கொக்கி இல்லாத பக்கம் தூக்கிக்கொண்டு நின்றால் கண்ணுக்குத் தெரியாது. இரண்டு ரேம் வாங்கியவரிடம் ஓர் உதிரிப்பாகம் ஏற்கெனவே இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம். ஒன்றை மட்டும் ஏ2இல் போட்டுப் பாருங்கள், பிறகு மற்றதை. ஒன்றில் ஓடி மற்றதில் ஓடவில்லை என்றால் எதை அனுப்ப வேண்டும் என்று தெரிந்துவிட்டது. எந்த ரேமைப் போட்டாலும் ஒரே இடத்தில் மட்டும் ஓடவில்லை என்றால் சந்தேகம் போர்டின் மேல், அல்லது சிபியு சரியாக உட்காராததன் மேல்.

சிபியு விளக்கு நின்றால் மேலே சொன்ன 8 முள் கம்பியை மறுபடி பாருங்கள். அடுத்து பயாஸ் வயசு. ரைசன் 5 5600 வெளிவந்தது 2022 ஏப்ரலில். அதற்கு வெகு முன்னால் பெட்டியில் அடைத்த பி450, பி550 போர்டுக்கு இந்தச் சிபியு யாரென்றே தெரியாமல் போகலாம். இன்டெல் 600 வரிசைப் போர்டில் 13ஆம், 14ஆம் தலைமுறைச் சிபியு போட்டவர்களுக்கும் இதே தொல்லை வரும். பயாஸ் ஏற்றும் பொத்தான் இருந்தால் பிழைத்தீர்கள்: கைப்பேசியிலோ நண்பன் லேப்டாப்பிலோ உங்கள் போர்டின் சரியான மாடலுக்குரிய கோப்பை இறக்கி, எஃப்ஏடி32 முறையில் ஃபார்மட் செய்த பென்டிரைவில் கையேடு சொல்லும் பெயரில் வைத்து, குறியிட்ட யுஎஸ்பி ஓட்டையில் சொருகிப் பொத்தானை அமுக்குங்கள். விளக்கு மினுக்கி முடியும்வரை கரண்ட் போகக் கூடாது. இதைக் காலையில் செய்யுங்கள். மாலையில் மலைப்பக்கம் கறுத்துக்கொண்டு வரும்போது பயாஸைத் தொடுவது வேண்டாத வேலை.

பொத்தான் இல்லாத போர்டு என்றால் வீட்டில் முடியாது. வாங்கிய கடையோ, ஈப்போ கடை ஒன்றோ பழைய சிபியு போட்டு ஏற்றித் தரும். போகும் முன் அழைத்துக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கார்டு விளக்கு நின்றால் கார்டைக் கழற்றி, மேல் நீண்ட சொக்கெட்டில் கொக்கி மாட்டும்வரை அழுத்துங்கள். கேசின் பின் தகடு சில சமயம் கார்டைத் தூக்கிப் பிடித்திருக்கும், ஸ்குரூவைத் தளர்த்திவிட்டு மாட்டிப் பாருங்கள். அதன் மின்கம்பி போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். படம் காட்டும் சிபியு இருந்தால் கார்டை முழுக்க எடுத்துவிட்டு டிவியை மேல் ஓட்டையில் போடுங்கள். படம் வந்தால் விசாரணை கார்டோடு நிற்கும்.

விளக்கே இல்லாத போர்டு என்றால் இதே வரிசையில் ஒவ்வொன்றாகப் பாருங்கள். கடைசி வழியாக, கம்பியை உருவிவிட்டு, போர்டில் இருக்கும் வட்ட பேட்டரியை ஐந்து நிமிடம் கழற்றி வைத்துத் திரும்பப் போடுங்கள். சிஆர்2032 என்ற வகை, கார் ரிமோட் பலவற்றில் இருப்பது. பயாஸில் யாரோ மாற்றிய அமைப்பெல்லாம் அழிந்து பழைய நிலைக்கு வரும். பழைய போர்டு வாங்கியவர்கள் இதை முதலிலேயே செய்துவிடலாம்.

கூலரைக் கழற்ற வேண்டி வந்தால் ஏஎம்4 போர்டு (ரைசன் 5 5600 உட்காரும் வகை) வைத்திருப்பவர்கள் நேராக மேலே இழுக்காதீர்கள். சிபியுவுக்கும் கூலருக்கும் நடுவே சூட்டைக் கடத்தத் தடவிய பேஸ்ட் இறுகி, சிபியுவையும் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும், முட்கள் வளையும். கொஞ்ச நேரம் ஓடவிட்டுச் சூடேறிய பின் அணைத்து, இடவலமாக மெல்லத் திருப்பித் திருப்பி எடுங்கள்.

பயாஸ் வருகிறது, விண்டோஸ் ஏறவில்லை

இதைச் சுருக்கமாக முடித்துவிடலாம். எஸ்எஸ்டியே பட்டியலில் இல்லை என்றால் அதை எடுத்து, சாய்வாகப் பிடித்து இடைவெளி தெரியாதபடி உள்ளே தள்ளி, பிறகு படுக்க வைத்து ஸ்குரூ போடுங்கள். அதே உருவத்தில் சாட்டா வகை எஸ்எஸ்டியும் உண்டு. என்விஎம்இ என்ற வேக வகையை மட்டும் ஏற்கும் ஓட்டையில் அது தெரியாது. பயாஸில் தெரிந்து விண்டோஸ் நிறுவியில் மட்டும் தெரியவில்லை என்றால், இன்டெல் போர்டில் விஎம்டி என்ற அமைப்பை அணைத்துப் பாருங்கள்.

"இந்தக் கணினியில் விண்டோஸ் 11 ஓடாது" என்று சொன்னால் பெரும்பாலும் பயாஸில் டிபிஎம் என்ற பாதுகாப்பு வசதி அணைந்திருக்கும். ஏஎம்டியில் எஃப்டிபிஎம், இன்டெலில் பிடிடி என்ற பெயரில் தேடுங்கள். விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு நின்றுவிட்டதால், புதுக் கணினியில் அதற்குத் திரும்புவதை நான் சொல்ல மாட்டேன்.

நிறுவும்போது இணையம் கிடைக்கவில்லை என்றால் கைப்பேசியை யுஎஸ்பி கம்பியால் இணைத்து, யுஎஸ்பி டெதரிங்கைத் திறந்துவிடுங்கள். டிரைவர் எதுவும் இல்லாமலே பெரும்பாலும் ஓடும்.

கேம் திக்குகிறது

காசு கொடுத்த வேகம் கிடைக்கவில்லை என்று தோன்றினால், கார்டைக் குறை சொல்லும் முன் மூன்று இடம் பாருங்கள்.

டாஸ்க் மேனேஜரில் ரேம் வேகம். 3200 என்று வாங்கிய ரேம் 2133 அல்லது 2666இல் ஓடிக்கொண்டிருக்கும், ஏனென்றால் ரேமை அதன் பெட்டியில் போட்ட வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி அமைப்பை யாரும் பயாஸில் திறக்கவில்லை. டிடிஆர்5 ஏஎம்டி போர்டில் அதற்கு எக்ஸ்போ என்று பெயர். அதே பக்கத்தில் எத்தனை இடத்தில் ரேம் இருக்கிறது என்றும் காட்டும். ஒரே 16 ஜிபியைவிட இரண்டு 8 ஜிபி நன்றாக ஓடும்.

அடுத்து மானிட்டர். 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கியவர்களில் பலர் அதை 60இலேயே வைத்து விளையாடிக்கொண்டிருக்கிறார்கள். விண்டோஸ் திரை அமைப்பில் மேம்பட்ட பகுதிக்குள் போய் மாற்ற வேண்டும், தானாக மாறாது.

மூன்றாவது, கார்டு எந்தச் சொக்கெட்டில் இருக்கிறது. கீழ்ச் சொக்கெட்டில் போட்டிருந்தால் அதன் பாதை குறுகலானது. ஜிபியு-இசட் என்ற இலவச நிரலில் பாதைகளின் எண்ணிக்கை தெரியும். 16 இல்லாமல் 8 என்று காட்டினால் பயப்பட வேண்டாம். ஆர்எக்ஸ் 6600, ஆர்டிஎக்ஸ் 4060 இரண்டுமே 8 பாதைக் கார்டுகள்தான்.

சூடு

இதில்தான் வெளிநாட்டுக் காணொளிகள் நம்மை ஏமாற்றும். அவர்கள் குளிரூட்டிய அறையில், 21, 22 டிகிரியில் அளக்கிறார்கள். தகரக் கூரை வீட்டில் மத்தியானம் இரண்டு மணிக்கு அறையே 33, 34 டிகிரி இருக்கும். அறைச் சூடு எவ்வளவு கூடுகிறதோ ஏறக்குறைய அவ்வளவும் சிபியுவிலும் கூடும். அவர்களுக்கு 68 என்றால் நமக்கு 80. அதைப் பார்த்துப் பயந்து புதுக் கூலர் வாங்கத் தேவையில்லை. 5600க்குத் தயாரிப்பாளர் வைத்த உச்சம் 90 டிகிரி, 12400க்கு 100. கேமில் 80ஐ ஒட்டி நின்றால் நம் ஊருக்கு அது சரிதான்.

ஒன்றும் ஓடாமல் சும்மா இருக்கும்போதே 70, கேம் திறந்ததும் உச்சத்தைத் தொடுகிறது என்றால் கூலர் சரியாக உட்காரவில்லை. அந்தப் பையனின் கணினியை ஒரு நாள் திறந்தபோது கூலரின் அடிப்பாகத்தில் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தாள் அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. "மாட்டும் முன் உரிக்கவும்" என்ற சிவப்பு எழுத்து சிபியுவின் பேஸ்டில் தலைகீழாகப் பதிந்திருந்தது. தனியாக வாங்கும் கூலர்களில் இந்தத் தாள் அடிக்கடி வரும். உரித்து, பழைய பேஸ்டைத் துடைத்து, பயறு அளவு புதுப் பேஸ்ட் வைத்து மாட்டினோம். இன்டெல் பெட்டியோடு வரும் கூலர் என்றால் நாலு பிளாஸ்டிக் காலும் போர்டின் பின்பக்கம் எட்டிப் பார்க்கின்றனவா என்று பாருங்கள். ஒரு கால் விட்டாலும் சூடு ஏறும். மேலே இருக்கும் அம்புக்குறி கழற்றும் திசையைக் காட்டுவது, மாட்டும் திசையை அல்ல.

முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி அடைத்த கேஸ் இந்த வெயிலுக்கு ஆகாது. வலை முகம் உள்ளதை எடுங்கள். செம்பனை லோரி போகும் செம்மண் சாலை ஓரத்து வீடு என்றால் வலை சீக்கிரம் அடைத்துக்கொள்ளும், மாதம் ஒருமுறை தட்டிவிடுங்கள். காத்தாடிகளைத் துடைக்கும்போது சுழலவிடாமல் விரலால் பிடித்துக்கொள்ளுங்கள்.

விளையாடும்போது பட்டென்று அணைகிறது

நீலத் திரை இல்லை, எச்சரிக்கை இல்லை, ஒரேயடியாக இருட்டு. விண்டோஸ் நிகழ்வுப் பதிவில் கெர்னல்-பவர் 41 என்று இருக்கும். அதை வைத்து இணையத்தில் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். "கரண்ட் திடீரென்று போனது" என்பதைத் தவிர அது வேறு எதையும் சொல்வதில்லை.

சூடு உச்சத்தைத் தொட்டிருந்தால் மேலே சொன்னதுதான். இல்லையென்றால் பவர் சப்ளை, அல்லது வீட்டு மின்சாரம். ஆர்டிஎக்ஸ் 4060க்கு 115 வாட், ஆர்எக்ஸ் 6600க்கு 132 வாட். நல்ல 550 வாட் தாராளம். கேசோடு இலவசமாக வந்த, மேலே 600 வாட் என்று ஸ்டிக்கர் ஒட்டிய பெட்டி என்றால் அந்த எண்ணை நம்ப வேண்டாம். இந்தக் கணினியில் எதில் மிச்சம் பிடித்தாலும் பிடியுங்கள், இதில் மட்டும் வேண்டாம்.

வீட்டு மின்சாரத்தைச் சோதிக்கச் செலவே இல்லை. தண்ணீர் மோட்டாரோ ஏர்கானோ ஓடத் தொடங்கும் அதே கணத்தில் கணினி அணைகிறதா என்று கவனியுங்கள். அப்படியென்றால் நீட்டிப்புக் கம்பியை விட்டுவிட்டு, வேறு அறையில் நேராகச் சுவர் சொக்கெட்டில் போட்டு ஒரு நாள் விளையாடிப் பாருங்கள். சொக்கெட் ஓட்டைக்குள் கருகல் தெரிந்தால் அதை மாற்ற வேண்டும். சின்னச் சிவப்பெறும்பு உள்ளே புற்று வைத்திருப்பதும் இங்கே அபூர்வம் இல்லை.

கேசைத் தொட்டால் சுருக்கென்கிறது

இதை ஒரு கோளாறாகவே யாரும் சொல்வதில்லை. "கொஞ்சம் ஜிவ்வுன்னு இருக்கும், பழகிடுச்சு" என்பார்கள். பழகக் கூடாது. பவர் சப்ளைக்குள் இருக்கும் வடிகட்டி சிறு கசிவை எர்த் கம்பிக்கு அனுப்பும். எர்த் இல்லாத இடத்தில் அது கேசின் தகட்டில் வந்து நிற்கும். அதுதான் அந்தச் சுருக்கு. அந்தக் கசிவு தன்னளவில் சின்னது. ஆனால் நாளைக்கு உள்ளே வேறு ஏதாவது பழுதாகிக் கேசில் கரண்ட் பாய்ந்தால் அதை இழுத்துக்கொள்ள எர்த் இருக்காது.

முதலில் பிளக்கைப் பாருங்கள். இணையத்தில் வாங்கிய பவர் சப்ளையில் சில சமயம் வெளிநாட்டுப் பிளக்கோடு கம்பி வரும். அதை இரண்டு முள் அடாப்டரில் போட்டு, அல்லது சுவர் சொக்கெட்டின் மேல் ஓட்டையைப் பேனா மூடியால் குத்தித் திறந்து சொருகியிருப்பார்கள். எர்த் அங்கேயே அறுந்துவிட்டது. நம் ஊர் மூன்று முள் கம்பி எந்த மின்சாமான் கடையிலும் கிடைக்கும், ரைஸ் குக்கர் சிலவற்றுக்கு வருகிற மாதிரிதான், ஆனால் கணினிக்கென்று கேட்டு வாங்குங்கள். கம்பி சரியாக இருந்தும் சுருக்கென்றால் வீட்டு வயரிங்கிலேயே எர்த் இல்லை. பழைய தோட்ட வீடுகளில் இது புதிதல்ல. பதிவு பெற்ற வயர்மேனைக் கூப்பிடுங்கள். இதற்கு மட்டும் யூடியூப் பார்க்க வேண்டாம்.

நீலத் திரை, காரணமில்லாமல் கேம் மூடிக்கொள்வது

எக்ஸ்எம்பியை அணைத்துவிட்டு ஒரு நாள் ஓட்டுங்கள். தொல்லை நின்றால் ரேமும் போர்டும் அந்த வேகத்தில் ஒத்துப்போகவில்லை. ஒரு படி குறைத்து வைத்துக்கொள்ளலாம், கேமில் பெரிய வித்தியாசம் தெரியாது. நிற்கவில்லை என்றால் மெம்டெஸ்ட்86 நிரலைப் பென்டிரைவில் ஏற்றி இரவு முழுக்க ஓடவிடுங்கள். எக்ஸ்எம்பி அணைந்த நிலையிலும் ஒரே ஒரு சிவப்பு வரி வந்தால் போதும். பிறகு ஒவ்வொரு ரேமாகப் போட்டு எது என்று பிடிக்கலாம். ரேம் சுத்தம் என்றால் கிராபிக்ஸ் டிரைவரைப் பழையது மிச்சமில்லாமல் டிடியு நிரலால் துடைத்துவிட்டுப் புதிதாக ஏற்றுங்கள். பழைய கார்டு வாங்கியவர்கள் இதைச் செய்த பிறகும் கேமில் மட்டும் கட்டம் கட்டமாகக் கலர் சிதறினால், விற்றவரை உடனே கூப்பிடுங்கள். அது டிரைவரில் தீராது.

இடி இடித்த மறுநாள் இணையம் இல்லை

கணினி நன்றாக ஓடும், வைஃபையில் கைப்பேசியும் ஓடும், ஆனால் ரவுட்டரிலிருந்து வரும் லேன் கம்பி போட்டால் ஓட்டையில் விளக்கே எரியாது. முதல் நாள் மழையில் ரவுட்டர் பக்கமிருந்து கம்பி வழியாக வந்த மின்னெழுச்சி லேன் ஓட்டையைத் தின்றுவிட்டது. போர்டை மாற்ற வேண்டாம். யுஎஸ்பியில் போடும் லேன் அடாப்டர் ஒன்று சில பத்து ரிங்கிட்டுக்குள் வேலையை முடித்துவிடும். அடுத்த முறை இடிச்சத்தம் கேட்டதும் பவர் பிளக்கை மட்டும் இல்லாமல் லேன் கம்பியையும் உருவிவிடுங்கள். இங்கே பலர் முன்னதைச் செய்கிறார்கள், பின்னதை விட்டுவிடுகிறார்கள்.

திருப்பி அனுப்பித்தான் ஆக வேண்டும் என்றால்

எந்தப் பாகம் என்று உறுதியான பிறகு, போர்டின் விளக்கு எங்கே நிற்கிறது, எந்த ரேமைப் போட்டால் ஓடுகிறது, எதைப் போட்டால் ஓடவில்லை என்று கைப்பேசியில் ஒரே காணொளியாக எடுத்து விற்பனையாளருக்கு முதலில் அனுப்புங்கள். சீரியல் எண் ஸ்டிக்கரையும் ரசீதையும் படம் பிடித்துக்கொள்ளுங்கள். பழைய பெட்டிகளையும் உள்ளே இருந்த பஞ்சையும் வாரண்டி முடியும்வரை அலமாரி மேலேயே கிடக்க விடுங்கள், அம்மா திட்டினாலும் பரவாயில்லை. இன்டெல் போர்டும் ஏஎம்5 போர்டும் வைத்திருப்பவர்கள் சிபியு சொக்கெட்டை மூடி வந்த சின்னக் கறுப்பு மூடியையும் பெட்டியோடு வையுங்கள். மூடி இல்லாமல், உள்ளே ஒரு முள் வளைந்து போய்ச் சேர்ந்தால் வாரண்டி கிடைக்காது.